ஊற்றுப் பாதையின் கீழ் கேட்

பிரீவ்
4 ஏப்ரல் 2022

அன்பு ஒடீல்,

கன்று போடும் சீசன் முடிந்ததா? ஒழுங்காகத் தூங்குகிறாயா, இல்லை இன்னமும் கொட்டகையில் நாற்காலி போட்டுத்தான் கண்ணயர்கிறாயா? நான் நலம். இடுப்பில் வைத்த இரும்பு மழைக்கு முன்னால் மட்டும் முனகும். இங்கே பிரீவில் நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, பக்கத்து வீட்டுக்காரர் எந்நேரமும் அக்கார்டியன் வாசிக்கிறார். மற்றபடி குறையில்லை.

போனில் பேசலாம்தான். உன் பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைப்பதற்குள் எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதோடு இருபத்திரண்டு வருஷம் ஊரார் கடிதங்களைச் சுமந்து கொடுத்தவள், ஓய்வுபெற்ற பிறகாவது சொந்தமாக நாலு எழுத வேண்டாமா?

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சைக்கிள் கழகம் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போடுகிறது. கார் வராத பாதைகள் மட்டும். கிராவல் சைக்கிள் என்று ஒன்று வந்திருக்கிறதே, தடித்த டயர் போட்டது, சரளை, காட்டுத்தடம், மேய்ச்சல் பாதை எல்லாவற்றிலும் போகும், அதற்கான புத்தகம். நம் பெய்ராலு ஊர்ச் சுற்றுப் பாதையை எழுதும் வேலை என்னிடம் வந்தது. வேறு யாரிடம் போகும்? எண்பத்து நாலு கிலோமீட்டர். அதில் தார் ரோடு மூன்றே கிலோமீட்டர். மூன்று வருஷம் அலைந்து கண்டுபிடித்தது, ஒடீல். பெருமையாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

ஒரே ஒரு இடத்தில்தான் முடிச்சு. குன்றின் மேலிருந்து உன் இரண்டு மேய்ச்சல் நிலங்கள் வழியாகக் கீழே காட்டுக்கு இறங்கும் ஊற்றுப் பாதை. அது ஊர்ப் பாதை, யாரும் போகலாம். ஆனாலும் உன் நிலத்து நடுவே போவது. அது இல்லையென்றால் சைக்கிள்காரர்கள் நாலு கிலோமீட்டர் மாவட்ட ரோட்டில் போயாக வேண்டும். அந்த ரோடு எப்படிப்பட்டது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால் மரம் ஏற்றிப்போன அந்த லாரி என் மேல் படக்கூட இல்லை. அது கிளப்பிய காற்றிலேயே சைக்கிளோடு பள்ளத்தில் போய் விழுந்தேன். நீதான் வந்து தூக்கினாய். இன்னொருத்தி அங்கே விழக் கூடாது. அதனால்தான் கேட்கிறேன். உன் பாதையைச் சேர்க்கட்டுமா?

உன் பழைய தபால்காரி,
மிரேய்

*

லா கோம்ப்
19 ஏப்ரல்

மிரேய்,

ஊர்ப் பாதைக்கு என்கிட்ட எதுக்குடி அனுமதி? என் அப்பா காலத்துலேருந்து கண்டவனும் போறான். காளான் பொறுக்குறவன் போறான், வேட்டைக்காரன் போறான், பக்கத்து வீட்டு மார்செலனோட நாய் தினமும் போகுது. உன் ஆளுங்களும் போகட்டும். எல்லாம் ஒடம்போட ஒட்டுன கால்சட்டை போட்டுட்டு வருவானுங்க, அதானே? என் காளை பாத்து மெரளாம இருந்தா சரி.

கன்னு முப்பத்தொண்ணு. ரெண்டு போச்சு. ஒண்ணு தலைகீழா வந்துச்சு, டாக்டர் வந்து இழுத்தார். மாட்டுப் பதிவு விதிப்படி இந்த வருஷக் கன்னுங்க பேரெல்லாம் 'த'வுல ஆரம்பிக்கணும். இருபத்தொம்பது பேருக்கு நான் எங்க போவேன்? உனக்குத் தோணுறதை எழுதி அனுப்பு. துலிப், தெம்பெத் ரெண்டும் வச்சாச்சு.

மழை இல்ல. ஏப்ரல்லயே மேல் நிலத்துக் குட்டையில அடிமண்ணு தெரியுது. எனக்குப் பிடிக்கல.

ஒண்ணே ஒண்ணு. என் நிலத்தைப் பத்தி என்ன எழுதினாலும் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டு. நீ நல்லா எழுதுவ, அதான் பயமா இருக்கு. நல்லா எழுதறவங்க இல்லாததையும் சேத்து எழுதுவாங்க.

மாவுக்குள்ள உருளைக்கிழங்கு வச்சுச் சுட்டேன். தனியா நாலு நாள் தின்னேன். இங்க இருந்தா உனக்கும் பாதி கெடச்சிருக்கும். மாடி வீடு வேணும்னு போனவ நீ, அனுபவி.

ஒடீல்

*

பிரீவ்
9 ஜூன்

அன்பு ஒடீல்,

இந்த உறை கனமாக இருப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கிறது. புத்தகம் வந்துவிட்டது! அட்டையில் இருப்பது உன் குன்றுதான். வலது மூலையில் சிவப்பாகத் தெரிவது உன் மாடு. யாரென்று நீயே கண்டுபிடி.

முதலில் மன்னிப்பு. அச்சுக்குப் போகும் முன் காட்டச் சொன்னாய். அச்சகத்துக்காரன் கழுத்தில் கத்தி வைத்துவிட்டான், ஒரு நாள் கூடத் தர முடியாது என்றான். ஆகவே இப்போது காட்டுகிறேன். ஊற்றுப் பாதை பதினான்காம் பக்கம். படித்துப் பார். ஏதாவது தப்பிருந்தால் உடனே ஒரு வரி போடு. ஜூலை முதல் வாரம்தான் கடைகளுக்கும் சுற்றுலா ஆபீசுகளுக்கும் போகிறது. அதுவரை எண்ணூறு பிரதியும் என் வரவேற்பறையில்தான் கிடக்கும். திருத்தச் சீட்டு அடித்து ஒட்டிவிடலாம், எனக்கு ஒரு சாயங்கால வேலை.

போன வாரம் கழகத்து ஆட்கள் ஒன்பது பேரைக் கூட்டிக்கொண்டு முழுச் சுற்றும் போனேன். எனக்கு மின்சார உதவி வைத்த சைக்கிள், கேலி செய்யாதே. பத்து மணியிலிருந்து மாலை வரை எதிரே வந்த கார்கள் இரண்டு. அதில் ஒன்று தபால் வண்டி. ஓட்டிவந்த பையனுக்கு என்னைத் தெரியவில்லை. உன் வீட்டுக் கதவைத் தட்டினேன், நீ வைக்கோலுக்குப் புல் வெட்டப் போயிருந்தாய். தூரத்தில் டிராக்டர் சத்தம் மட்டும் கேட்டது.

'த'வில் பெயர்: தார்தின், தாக்கின், தியாரா, துர்த்தெரெல். கடைசியதை, புறா என்று அர்த்தம், முரட்டுக் கன்றுக்கு வை.

எழுது.

மிரேய்

*

லா கோம்ப்
9 ஆகஸ்ட்

மிரேய்,

பெர்வான்ஷ் செத்துப் போச்சு. மூணு வயசு. செப்டம்பர்ல முதல் கன்னு போட இருந்துச்சு. ஒலிவ் கன்னை உதுத்துடுச்சு, அது பொழைக்குமான்னு டாக்டர் இன்னும் சொல்லல. இன்னும் ரெண்டு மாடு முள்கம்பியை அறுத்துட்டு ஓடி நெஞ்செல்லாம் கிழிஞ்சு கெடக்கு.

நடந்தது இதுதான். ஜூலை பாதியில மேல் குட்டை சுத்தமா வத்திருச்சு. எப்பவும் செய்யிறதைச் செஞ்சேன். மேல் நிலத்துக்கும் கீழ் நிலத்துக்கும் நடுவுல இருக்கற கீழ் கேட்டைத் திறந்து கயித்தால தூணோட கட்டிட்டேன். மாடுங்க மேல மேஞ்சிட்டு கீழ வந்து ஊத்துத் தொட்டியில குடிச்சிட்டுப் போகும். வெள்ளிக்கிழமை மத்தியானம் துல் டவுன்ல நடந்த தங்கச்சி மக கல்யாணத்துக்குப் போனேன். பதினோரு வருஷத்துல முதல் தடவை மூணு நாள் வீட்டை விட்டுப் போறேன். மார்செலன் தினமும் ரோட்டுலேருந்து ஒரு பார்வை பாத்திருக்கான். மரத்தடியில நிக்குதுங்க, சரி வெயில்னு நெனச்சிருக்கான்.

திங்கக்கிழமை காலையில வந்தா கத்தல் பாதி வழியிலயே கேக்குது. கீழ் கேட் மூடியிருக்கு. சும்மா மூடல. கயித்தை அவுத்து, கேட்டை மூடி, கொக்கி போட்டு, அதே கயித்தால அழகா முடிச்சும் போட்டிருக்கான் மகராசன். முப்பத்தெட்டு டிகிரி. இருபத்து மூணு மாடு. தொட்டியில தண்ணி விழுற சத்தம் அதுங்களுக்குக் கேட்டுட்டே இருந்திருக்கும்.

யாரு இப்படி மெனக்கெட்டு மூடுவான்னு யோசிச்சேன். மேயர் ஆபீசுக்குப் போனேன். மேசை மேல உன் புத்தகம் கெடந்துச்சு. அங்கயே நின்னு பதினாலாம் பக்கம் படிச்சேன். "வழியில் வரும் ஒவ்வொரு கேட்டையும் கடந்தபின் மறவாமல் மூடிவிடவும்." மறவாமல்! உன் எழுத்துத்தானே அது?

நீ இருபத்திரண்டு வருஷம் அந்தப் பாதையில வந்தவ. கோடையில அந்த கேட் திறந்து கெடக்கும், நீ அப்படியே விட்டுட்டுப் போவ. ஒரு தடவை கூட மூடினதில்ல. டவுன்காரன் எழுதியிருந்தா மடையன்னு திட்டிட்டு விட்டிருப்பேன். நீ எழுதியிருக்க. காட்டுன்னு சொன்னேன். காட்டாம அச்சடிச்ச.

மேயர்கிட்ட சொல்லிட்டேன். அந்தப் பாதையை ஊர் எனக்கு வித்துடணும். என் நிலத்தோட சேத்துக்குவேன். ரெண்டு பக்கமும் பூட்டு. விசாரணை வச்சு, ஊர்க்காரங்க கருத்து எழுதுற பதிவேடு வச்சு, அப்புறம் ஊர் மன்றம் ஓட்டுப் போடுமாம். போடட்டும்.

ஒடீல்

*

பிரீவ்
13 ஆகஸ்ட்

ஒடீல்,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பிறகு புத்தகத்தின் அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன், ஏதோ வேறு யாரோ எழுதியிருப்பார்கள் என்பது போல. என் வரிதான்.

எப்படி எழுதினேன் என்று சொல்கிறேன், சாக்காக இல்லை. எல்லா வழிகாட்டியிலும் அந்த வரி இருக்கிறது. மரியாதையான வரி. விவசாயிகளுக்கு நல்லது செய்கிறோம் என்று நினைத்துப் போடுவது. நானும் போட்டேன். கேட் எப்படி இருந்ததோ அப்படியே விட வேண்டும் என்பது என் கைக்குத் தெரியும். மேசையில் உட்கார்ந்து எழுதும்போது கையைக் கேட்கத் தோன்றவில்லை. தபால் பையோடு வந்த மிரேய் அந்த வரியை எழுதியிருக்க மாட்டாள். நாலாவது மாடி மிரேய் எழுதியிருக்கிறாள். அந்த முடிச்சுப் போட்டவன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. சொன்னதைச் செய்தவன் அவன்.

ஜூனில் அனுப்பினேனே, தப்பிருந்தால் சொல்லச் சொன்னேனே என்று ஒரு கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கப் போவதில்லை. வைக்கோல் நாளில் யார் புத்தகம் படிப்பார்கள்?

நேற்றும் இன்றும் கடை கடையாக ஏறி இறங்கினேன். மிச்சமிருந்த முந்நூற்றுப் பத்துப் பிரதியையும் திரும்ப வாங்கிவிட்டேன். விற்றுப் போனதற்கு ஒன்றும் செய்ய முடியாது. கழகத்தின் இணையப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போடச் சொல்லியிருக்கிறேன். பெர்வான்ஷை நினைக்கிறேன். அது கன்றாக இருந்தபோது என் மழைக்கோட்டு நுனியைச் சப்பியது. ஒலிவ் எப்படி இருக்கிறது?

ஆனால் ஒடீல், பாதையை மூடாதே. என் மேல் உள்ள கோபத்தை என் மேல் காட்டு. வீட்டுப் பக்கம் வராதே என்று சொல், வரமாட்டேன். பாதை போனால் அத்தனை பேரும் மரலாரிகளோடு அந்த ரோட்டில்தான் இறங்க வேண்டும். ஒரு மாடு செத்ததற்கு நான் அழுகிறேன். அந்த ரோட்டில் ஒரு ஆள் செத்தால் நாம் இரண்டு பேரும் என்ன செய்வோம்?

மிரேய்

*

லா கோம்ப்
2 அக்டோபர்

மிரேய்,

உன் கடிதம் வந்துச்சு. பதில் போடற மனசு இல்ல. ஒலிவ் பொழைச்சுக்கிச்சு, இனிமே சினை பிடிக்காதுன்னு சொல்றாங்க.

பதிவேடு போன திங்கக்கிழமை திறந்துட்டாங்க. பத்தாம் தேதி வரைக்கும். மேயர் ஆபீஸ் ஜன்னலோரம் ஒரு மேசை, ஒரு நோட்டு, சங்கிலி போட்ட பேனா. ஊரே வந்து எழுதுது. ஊர்ல இத்தனை பேருக்கு எழுதத் தெரியும்னு எனக்கே இப்பதான் தெரியும். மேயர் பொண்டாட்டி தினமும் படிச்சிட்டு வந்து சொல்லிடறா. வேட்டைச் சங்கம் பாதை வேணும்னு எழுதியிருக்கு. மார்செலன், பாதை இருக்கட்டும், சைக்கிள் வேணாம், தன் நாய்க்கு மட்டும் விதிவிலக்குன்னு எழுதியிருக்கான். மில்லை வாங்கின டச்சுக்காரங்க ரெண்டு பக்கம் எழுதியிருக்காங்களாம், யாருக்கும் புரியல. அந்தப் பாதையில இருபது வருஷமா காலே வைக்காத மருந்துக்கடைக்காரி, அது நம்ம பாரம்பரியம்னு எழுதியிருக்கா. கேட்டதும் சிரிச்சுட்டேன். அப்புறம் அழுகை வந்துடுச்சு.

இப்ப விஷயம். விசாரணைக்கு வந்த ஆபீசர் எனக்குச் சட்டத்தைப் படிச்சுக் காமிச்சார். ஜனங்க போறது நின்னுபோன பாதையைத்தான் ஊர் விக்க முடியுமாம். காளான் பொறுக்குற நாலு பேரு பெரிசில்ல, பாத்துக்கலாம்னார். ஆனா உன் கழகத்துத் தலைவர் ஒரு கணக்கு வச்சிருக்காராமே. ஜூலைலேருந்து அறுநூறு சைக்கிள் போயிருக்குன்னு. அது கழகம் சொல்ற கணக்கு, பாத்த சாட்சி வேணும்னு ஆபீசர் சொல்றார். சாட்சி யாரு? நீதான். பாதையை எழுதினவ, வாராவாரம் ஆளுங்களைக் கூட்டிட்டு வந்தவ.

அதனால நேராவே கேக்குறேன். நீ அந்த நோட்டுல எழுதினா நான் தோத்தேன். நீ எழுதலேன்னா பாதை எனக்கு.

என் மாட்டைக் கொன்னதுக்கு உன்மேல கேசு போடல. ஒரு வார்த்தை வெளிய பேசல. இது ஒண்ணைத்தான் கேக்குறேன். சும்மா இரு. பொய் சொல்லச் சொல்லல. வராம இரு, போதும். நீ வந்து எழுதினா நமக்குள்ள அதோட முடிஞ்சுது. பள்ளிக்கூடத்துலேருந்து இருக்கறதெல்லாம் சேத்துத்தான் சொல்றேன்.

ஒடீல்

*

பிரீவ்
8 அக்டோபர்

ஒடீல்,

வியாழக்கிழமை வந்தேன். எழுதினேன்.

மேயர் மனைவி உன்னிடம் வந்து சொல்வதற்குள் நானே சொல்ல வேண்டும் என்று இதை எழுதுகிறேன். அவள் முந்தியிருந்தால் அதற்கும் மன்னித்துக்கொள். நோட்டில் எழுதியதை அப்படியே கீழே தருகிறேன்.

"என் பெயர் மிரேய் லாபோர்த். இந்த ஊரில் இருபத்திரண்டு வருஷம் தபால் கொடுத்தேன். ஊற்றுப் பாதையில் இந்தக் கோடையில் சைக்கிள்கள் போயின. ஐந்து முறை நானே ஆட்களோடு போனேன், நூற்றுக்கு மேல் எண்ணினேன். பாதை பயன்பாட்டில் இருக்கிறது, அது உண்மை. அதே பாதையில் என் புத்தகத்தை நம்பி வந்தவர் கீழ் கேட்டை மூடியதால் ஒரு மாடு தண்ணீரில்லாமல் செத்தது, இன்னொன்று கன்றை இழந்தது. அதுவும் உண்மை. தவறு சைக்கிள்காரருடையது அல்ல, பண்ணையின் சொந்தக்காரியுடையதும் அல்ல, என்னுடையது. ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பாதையைச் சைக்கிளுக்கு மூட வேண்டும் என்று கேட்கிறேன். அந்த நாலு மாதமும் சுற்றை நிறுத்தும்படி கழகத்திடம் சொல்லிவிட்டேன். பாதையை விற்க வேண்டாம் என்றும் கேட்கிறேன்."

கழகத் தலைவர் கொதிக்கிறார். கோடையில் இல்லாத சுற்று என்ன சுற்று என்கிறார். அவர் பாடு.

வேறு வழி தேடாமல் வந்து எழுதினேன் என்று நினைக்காதே. செப்டம்பர் முழுக்க, வாரத்துக்கு மூன்று நாள், உன் நிலத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு தடம் கிடைக்குமா என்று அந்தப் பைன் காட்டில் நடந்தேன். சைக்கிள் இல்லாமல், இந்த இடுப்போடு. கிடைத்திருந்தால் பாதையை நீயே வைத்துக்கொள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். இரண்டு இடத்தில் காட்டுச் சொந்தக்காரர்கள் முடியாது என்றார்கள். மூன்றாவது இடத்தில் சதுப்பு. கடைசியில் எப்படிச் சுற்றினாலும் அந்த ரோட்டில்தான் போய் நிற்கிறது.

சும்மா இரு என்றாய். இருந்திருக்கலாம். புதன்கிழமை வரை இருந்துவிடத்தான் நினைத்தேன். அறுபது வயதுக்கு மேல் புதுத் தோழி எங்கே கிடைப்பாள் என்ற சுயநலம்தான், வேறென்ன. ஆனால் நான் வாய்மூடி இருந்து பாதை போய், அப்புறம் மரலாரி யாரையாவது தள்ளிவிட்டது என்று பேப்பரில் வந்தால், உன் முகத்தில் விழிக்க என்னால் முடியாது. இப்போது நீ என் முகத்தில் விழிக்க மாட்டாய். இரண்டில் இதைத்தான் என்னால் தாங்க முடியும் என்று தோன்றியது. தோன்றியது அவ்வளவுதான், உண்மையில் தாங்க முடிகிறதா என்று கேட்காதே.

உன் வீட்டு வளைவு வரை வந்து திரும்பிப் போனேன். புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது.

மிரேய்

*

லா கோம்ப்
18 டிசம்பர்

மிரேய்,

இதை எழுதக் கூடாதுன்னுதான் இருந்தேன். ஆனா நீ வேற யார் வாயாலயாவது கேட்டா அது எனக்கு அவமானம்.

ஒம்போதாம் தேதி மன்றம் கூடுச்சு. ஓட்டு நடக்கல. முந்தின நாளே போய் என் மனுவை வாபஸ் வாங்கிட்டேன். நீ நோட்டுல எழுதினதால இல்ல. அதைப் படிச்சப்ப உன்னை அடிக்கணும் போல இருந்துச்சு, அவ்வளவு நல்லா எழுதியிருந்த.

நவம்பர்ல அந்த ஆபீசர் சாட்சிக்குப் புத்தகம் ஒண்ணு வேணும்னு கேட்டார். மேயர் ஆபீஸ் பிரதியை யாரோ தூக்கிட்டுப் போயிட்டாங்க. நீ ஒண்ணு அனுப்பினதா அவர்கிட்ட சொல்லியிருக்க, என்கிட்ட இருக்குமேன்னார். எனக்கு வரவே இல்லன்னு சொன்னேன். ஆகஸ்ட்ல நீ அனுப்பினேன்னு எழுதினப்பவும் தபால்ல தொலைஞ்சிருக்கும்னுதான் சத்தியமா நெனச்சிட்டு இருந்தேன். வீட்டுக்கு வந்து தேடினேன். மாட்டு டாக்டர் பில்லுங்க போடற டிராயர்ல, அடியில இருந்துச்சு. உன் கையெழுத்து. ஜூன் ஒம்போது. பிரிக்கவே இல்ல.

வந்த அன்னிக்கு வைக்கோல் கெடந்துச்சு, மழை வரும்னாங்க. அப்புறம் பாக்கலாம்னு போட்டிருக்கேன். மழையும் வரல, நானும் பாக்கல. உன் கடிதம் உள்ளயே இருந்துச்சு. தப்பிருந்தா ஒரு வரி போடுன்னு எழுதியிருக்க. ஒட்டிடலாம்னு எழுதியிருக்க. அந்தப் பக்கத்தைப் படிச்சிருந்தா அடுத்த நிமிஷம் குன்று மேல ஏறிப் போய் சிக்னல் புடிச்சு உன்னைக் காது கிழியத் திட்டியிருப்பேன். எண்ணூறு பிரதியும் உன் வரவேற்பறையில கெடந்த நேரம் அது. பெர்வான்ஷ் இருந்திருக்கும்.

ஆகஸ்ட்ல நீ கேக்க வந்து கேக்காம விட்ட. அதோட கனம் இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. பாதை எங்கயும் போகல. கோடையில மூடறதுக்கு மேயர் ஒத்துக்கிட்டார், பலகை செய்யச் சொல்லியிருக்கார்.

நீ மட்டும் வராத. கோபத்துல சொல்லல. உன் வாயை அடைக்கப் பாத்தேன், கொலைகாரின்னு எழுதாத குறையா எழுதினேன். அந்த நேரம் எல்லாம் அந்த உறை என் டிராயர்ல இருந்துச்சு. உன் மூஞ்சியைப் பாத்தா எனக்கு அதுதான் தெரியும். இந்த வயசுல வெக்கப்பட்டுட்டு ஒருத்தியோட உக்காந்து சாப்பிட எனக்கு வராது.

ஒடம்பைப் பாத்துக்க.

ஒடீல்

*

பிரீவ்
6 ஜனவரி 2023

என் ஒடீல்,

உன் கடிதம் கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் வந்தது. பதினான்கு நாள் வைத்துக்கொண்டு யோசித்தேன். நீ உள்ளதைச் சொல்லிவிட்டாய். நான் இன்னும் சொல்லவில்லை.

அச்சகத்துக்காரன் யாருக்கும் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. பாவம், சாதுவான மனுஷன், அவனுக்கு முதுகுவலி. அவனே ஒரு வாரம் தள்ளிக் கொடுங்கள் என்றுதான் கேட்டான். கையெழுத்துப் பிரதி முழுசாக எட்டு நாள் என் மேசையில் இருந்தது. தபாலில் போட்டு வாங்க மூன்று நாள் போதும், எனக்குத் தெரியாதா அந்தக் கணக்கு?

போடவில்லை. நீ படித்தால் கிழிப்பாய் என்று பயந்தேன். "குன்றின் தோளில் மாலை வெயில்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன், குன்றுக்கு ஏதுடி தோள் என்று நீ கேட்பது காதில் விழுந்தது. எனக்கு அந்த வரி பிடித்திருந்தது. அதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் உன்னிடம் காட்டவில்லை. அதற்காக உனக்கு ஒரு பொய்யும் எழுதினேன். உண்மையைச் சொல்கிறேன் என்று ஊர் நோட்டில் பெரிதாக எழுதினேனே, அதில் கூட இதைச் சேர்க்கவில்லை. ஒரு வரி ஆசைக்கு ஒரு மாடு.

ஆகவே நீ மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து வெட்கப்படுகிறேன். வராதே என்றாய். அக்டோபரில் சும்மா இரு என்றாய், இருந்தேனா? ஜனவரி இருபத்திரண்டு, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். காலை ரயிலில் மேமாக் வந்து, பதினொன்றே முக்கால் பஸ் பிடித்து பெய்ராலு. அங்கிருந்து நடப்பேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்று உன் நாயோடு பேசிவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

மிரேய்

*

லா கோம்ப்
12 ஜனவரி

மிரேய்,

இருபத்திரண்டு வருஷம் இந்த ஊர்ல வேலை பாத்திருக்க. ஞாயித்துக்கிழமை இங்க எந்த பஸ்ஸுடி ஓடுச்சு?

மேமாக் ஸ்டேஷன் வாசல்லயே நில்லு. நான் வண்டி எடுத்துட்டு வரேன்.

ஒடீல்